பனி உருகும் கிழமையில் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் காப்பது: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்ததும் முற்றத்தில் முழங்கால் அளவு கிடந்த பனி கணுக்காலுக்கு இறங்கிவிடும். "பாதிக்கு மேல் போய்விட்டது" என்று மனம் ஆறும். பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கி இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக விழுந்த தூள்பனி 10 செ.மீ. உருகினால் ஏறத்தாழ 1 செ.மீ. தண்ணீர் வரும். மாதக்கணக்கில் கிடந்து இறுகிய மார்ச் மாதப் பனி அதே 10 செ.மீ.க்கு 3 முதல் 4 செ.மீ. வரை தண்ணீர் தரும். ஜனவரியில் 60 செ.மீ. ஆழத்தில் கிடந்ததும் மார்ச்சில் 25 செ.மீ. ஆழத்தில் கிடப்பதும் ஒரே அளவு தண்ணீராக இருக்கலாம். ஆழத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் பேஸ்மென்டில் வாளியோடு நிற்பார்கள்.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்து வீடுகளை நினைத்து எழுதியது இது. இங்கே பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் கவனிக்க வேண்டிய காலம். கடுங்குளிர் முடிந்து வரும் முதல் நீண்ட வெப்பநாட்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

10 செ.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் வடிகால் குழாய்த் துண்டு ஒன்று, சமையலறைத் தராசு, பிளாஸ்டிக் பை. இவ்வளவும் போதும். சவள் படாத, காற்று குவிக்காத ஓர் இடத்தில் குழாயை நிலம் தட்டும்வரை நேராக இறக்குங்கள். பக்கத்துப் பனியை விலக்கி, அடியில் ஒரு தட்டைச் செருகித் தூக்கி, உள்ளே இருப்பதைப் பைக்குள் கொட்டி நிறுங்கள். இந்த அளவுக் குழாயில் 785 கிராம் என்றால் அது 10 செ.மீ. தண்ணீருக்குச் சமம். 550 கிராம் என்றால் சுமார் 7 செ.மீ. முற்றத்தில் மூன்று நான்கு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒன்ராறியோவின் ஆற்றுப்படுகைப் பாதுகாப்பு அமைப்புகள் மாதத்தின் 1ஆம், 15ஆம் தேதிகளை ஒட்டிச் செய்யும் பனி அளவீட்டின் அடிப்படையும் இதுதான். அவர்களுடைய குழாய் நீளமானது, தராசு அதற்கென்றே செய்தது.

இனிக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லீட்டர். கூரையும் வீட்டை ஒட்டிய நிலமும் சேர்ந்து 150 சதுர மீட்டர், பனியில் 8 செ.மீ. தண்ணீர் என்று வைத்தால் 12,000 லீட்டர். அது உங்கள் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் போகும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம், அல்லது அதனிடமே விட்டுவிடலாம்.

எந்த வானிலைக்குப் பயப்பட வேண்டும்

மழைதான் பனியைக் கரைக்கிறது என்று பலர் நினைப்பார்கள். 5 பாகை செல்சியஸ் மழை 10 மி.மீ. பெய்தால், அந்த மழைநீரின் சூடு மட்டும் உருக்குவது 1 மி.மீ.க்கும் குறைவு. உண்மையில் பனியைத் தின்பது ஈரமான வெப்பக்காற்று. காற்றிலுள்ள நீராவி பனியின்மேல் படிந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம், தன் எடையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் பனியை உருக்கும். ஆகவே முன்னறிவிப்பில் "பகல் 8 பாகை, வெயில், இரவு மைனஸ் 5" என்று வந்தால் நிதானமாக இருக்கலாம். இரவில் உறைந்து நின்று நின்று உருகும். "இரவிலும் 5 பாகைக்கு மேல், தெற்குக் காற்று, மூடுபனி, மழை" என்று வந்தால் அன்றே மற்ற வேலையை ஒதுக்கிவையுங்கள்.

இன்னொன்று. குளிர்ந்த பனி பஞ்சுபோலத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். முதல் மழையை அது உறிஞ்சிக்கொண்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று எண்ணவைக்கும். நனைந்து முடிந்த பனியின்மேல் விழும் இரண்டாவது மழை முழுவதும் நேரே ஓடும், உருகிய பனியையும் இழுத்துக்கொண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது.

சுவரை விட்டுப் பனியை விலக்குங்கள்

பேஸ்மென்டின் வெப்பம் சுவர் வழியாகக் கசிவதால், சுவரை ஒட்டிய அரை மீட்டர் மண் மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் இளகிவிடும். அப்போதும் புல்தரை பலகைபோல உறைந்தே கிடக்கும். உறைந்த தரையில் தண்ணீர் இறங்காது; வழுக்கிக்கொண்டு இளகிய மண்ணைத் தேடி வரும். வீடு கட்டும்போது தோண்டி மீண்டும் நிரப்பிய மண் அங்கேதான் இருக்கிறது. எளிதில் தண்ணீர் குடிக்கும் அந்த மண்ணிலிருந்து நீர் அத்திவாரத்துக்குப் போகும்.

வீட்டைச் சுற்றி 1 முதல் 1.5 மீட்டர் அகலத்துக்குப் பனியை அகற்றுங்கள். டிரைவ்வேயிலிருந்து வழித்துச் சுவரோரம் குவித்த மலைதான் முதலில் போக வேண்டியது. இறுகிய பனி 1 கன மீட்டர் உருகினால் 300 முதல் 500 லீட்டர் வரை தண்ணீர். வீட்டுக்கும் நிலம் சரியும் பக்கத்துக்கும் நடுவே புதுக் குவியல் எழுப்பாதீர்கள். அது அணைபோல் மறித்துத் தண்ணீரை வீட்டுப்பக்கம் திருப்பும். பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் தள்ளக்கூடாது. அதில் தொடங்கிய பகை பனி போனபின்னும் கரைவதில்லை.

பேஸ்மென்ட் ஜன்னல் குழிகளைக் கையால் துப்புரவாக்குங்கள். அடியிலுள்ள சரளைக்கல் தெரிய வேண்டும். இலைச்சருகு அடைத்திருந்தால் ஜன்னல் மட்டம்வரை தண்ணீர் தேங்கும். காஸ் மீட்டரைச் சுற்றிச் சவள் பாவிக்காமல் கையால் அல்லது தும்புத்தடியால் தட்டுங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் வெள்ளைப் புகைக்குழாய்களும் திறந்திருக்க வேண்டும். அடைத்தால் ஃபர்னஸ் நின்றுவிடலாம், நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம்.

இளகிய கிழமைப் பனி ஈரமானது, கனமானது. சவளில் பாதியளவே அள்ளுங்கள். தூக்கி எறியாமல் தள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கூரைப் பீலியும் இறக்குக் குழாயும்

இறக்குக் குழாயின் வாய் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளித் திறக்க வேண்டும். அரை மீட்டரில் விட்டிருந்தால் கூரைத் தண்ணீர் முழுவதையும் நீங்களே அத்திவாரத்துக்கு ஊற்றுகிறீர்கள். நீட்டிப்புக் குழாய் மீட்டருக்கு 2 செ.மீ. ஆவது சரிந்திருக்கட்டும். மடிப்பு மடிப்பான நெளிகுழாயின் மடிப்புகளில் தண்ணீர் தங்கி இரவில் உறைந்து அடைக்கும். உட்புறம் வழுவழுப்பான குழாய் நல்லது. முழங்கை வளைவில் பனிக்கட்டி இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். திருகாணியைக் கழற்றி, துண்டை உள்ளே கொண்டுபோய் இளகவைத்து, மீண்டும் பூட்டுங்கள்.

கூரை ஓரத்தில் பனிக்கட்டி வரம்பு கட்டி, அதன் பின்னால் தண்ணீர் தேங்கி, ஓட்டுக்கு அடியால் ஏறி, மேல்மாடி ஜன்னலுக்கு மேலே சுவரில் மஞ்சள் கறை விழுவது தனிக் கதை. காரணம் வெளியே இல்லை. வீட்டின் வெப்பம் மேற்தளத்துக்கு, அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்துக்கு, கசிந்து கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்த நீர் வெப்பமில்லாத ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது. நிலையான மருந்து மேற்தளத்தில் காற்றுக்கசிவை அடைப்பதும் வெப்பக்காப்பைக் கூட்டுவதும்தான், ஆனால் அது கோடை வேலை. இப்போது செய்யக்கூடியவை:

• நீண்ட கைபிடியுள்ள கூரை வாரியால், நிலத்தில் நின்றபடி, ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை இழுத்துவிடுங்கள். ஓட்டை உரசாமல் 2–3 செ.மீ. விட்டுவிடுங்கள். மின்கம்பி இருக்கும் பக்கம் போகாதீர்கள்.
• வரம்பு ஏற்கெனவே கட்டியிருந்தால், பழைய நைலோன் காலுறையில் கல்சியம் குளோரைடு நிரப்பி, வரம்புக்குக் குறுக்கே, நுனி பீலிக்கு வெளியே நீட்டும்படி போடுங்கள். அது ஒரு வாய்க்காலை உருக்கித் தரும், தேங்கிய நீர் வடியும். சாதாரண உப்பு வேண்டாம். பீலியையும் கீழேயுள்ள செடியையும் கெடுக்கும்.
• கோடரியும் ஏணியும் வேண்டாம். ஓடு உடைவது ஒரு பக்கம், வழுக்கும் நிலத்தில் ஏணி நிற்காது.

சம்ப் பம்ப்: அரைமணி நேரச் சோதனை

அத்திவாரத்தைச் சுற்றி வரும் நீர் சேரும் பேஸ்மென்ட் குழியிலிருந்து அதை வெளியே தள்ளுவது சம்ப் பம்ப். எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டு, தேவைப்படும் இரவில் ஓடாமல் நிற்பது இதுதான். ஆகவே இதற்கு நேரம் செலவழிப்பது மினக்கேடு அல்ல.

மூடியைத் திறந்து, 20 லீட்டர் வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மிதவை எழ வேண்டும், பம்ப் தானாகத் தொடங்க வேண்டும், நீர்மட்டம் இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கட்டும். சத்தம் கேட்பது மட்டும் போதாது.

மோட்டார் உறுமியும் தண்ணீர் ஏறாவிட்டால் மூன்று காரணங்களைச் சந்தேகியுங்கள். வெளிக்குழாய் உறைந்திருக்கலாம். அடியிலுள்ள உறிஞ்சு வாயைக் கல்லும் சேறும் அடைத்திருக்கலாம். அல்லது பம்புக்குள் காற்று சிறைப்பட்டிருக்கலாம். இதைத் தவிர்க்க, பம்புக்கும் ஒருவழி வால்வுக்கும் இடைப்பட்ட குழாயில், குழிக்கு உள்ளே, 3 மி.மீ. துளையொன்று இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது அதிலிருந்து பீச்சுவது பழுது அல்ல. அதை ஒட்டி மூடிவிட்டு, பிறகு பம்ப் இழுக்கவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

பம்ப் நின்றதும் குழாயிலிருந்த நீர் சலசலவென்று குழிக்கே திரும்பினால் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. ஒரே தண்ணீரைப் பம்ப் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருக்கும். வால்வின் மேலுள்ள அம்புக்குறி மேல்நோக்கியே இருக்க வேண்டும். மிதவை குழிச் சுவரிலோ மின்கம்பியிலோ சிக்குகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள், பிளக்கைக் கழற்றியபின்.

வெளிக்குழாயே இந்த நாட்டில் பெரிய தலைவலி. பகலில் ஓடிய நீர் குழாயில் தங்கி, இரவு மைனஸுக்குப் போனதும் உறைந்து, மறுநாள் பம்ப் அடைத்த சுவரோடு மல்லுக்கட்டும். தோட்டத்துக்கு நீட்டிய மென்குழாயைக் குளிர்காலத்தில் கழற்றிவிடுங்கள். வெளியேறும் குழாய் முழுவதும் சரிவாக, தண்ணீர் தங்காமல் இருக்கட்டும். சுவரைத் தாண்டியதும் வெட்டுவாயுள்ள உறைவுத் தடுப்பு இணைப்பொன்றைப் பூட்டினால், முன்னால் அடைத்தாலும் தண்ணீர் அந்த இடைவெளியால் வெளியே கொட்டும். சுவரோரம் கொட்டுவது நல்லதல்ல, ஆனால் பேஸ்மென்டில் கொட்டுவதைவிட மேல்.

குழிக்கு வரும் நீரின் அளவையும் அளக்கலாம். 45 செ.மீ. விட்டமுள்ள குழியில் 1 செ.மீ. உயர்வு என்பது 1.6 லீட்டர். பம்ப் நின்ற கையோடு கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று குறியுங்கள். நிமிடத்துக்கு 8 செ.மீ. ஏறினால் மணிக்குச் சுமார் 770 லீட்டர். 1/3 குதிரைவலு பம்புக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் மின்சாரம் போனால் எவ்வளவு நேரத்தில் குழி நிரம்பும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். அது அரைமணி நேரத்துக்குள் என்றால் மின்கல உதவிப் பம்ப் அவசியம். காரின் பற்றரி இதற்குச் சரிவராது; ஆழ்ந்து வடிந்து மீளக்கூடிய 12 வோல்ட் வகை வேண்டும். 75 ஆம்பியர்-மணி பற்றரி, 15 ஆம்பியர் இழுக்கும் பம்பை இடைவிடாது 5 மணி நேரம்தான் ஓட்டும். விட்டுவிட்டு ஓடினால் கூட வரும்.

பத்து வயதான பம்ப் என்றால் சோதனையில் தேறினாலும் மாற்றிவிடுங்கள். பழையதை உதிரியாக வைத்திருக்கலாம்.

சம்ப் குழியே இல்லாத பழைய வீடுகளும் நிறைய. அத்திவார வடிகுழாய் நேரே மாநகர வடிகாலில் சேர்ந்திருக்கும். அப்படியானால் அடுத்தது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

பேக்வாட்டர் வால்வும் தரை வடிகாலும்

பனி உருகும் நாளில் தெருவடியிலுள்ள வடிகால் நிரம்பினால், கழிவுநீர் எதிர்த்திசையில் உங்கள் வீட்டுக்குள் ஏறப் பார்க்கும். அதைத் தடுக்கும் மடல்தான் பேக்வாட்டர் வால்வு. பேஸ்மென்ட் தரையில், பெரும்பாலும் முன்சுவர்ப் பக்கமாக, வட்டமான அல்லது சதுரமான மூடிக்குக் கீழே இருக்கும். கையுறையோடு திறந்து, மடல் எளிதாக அசைகிறதா, ஓரத்து ரப்பர் வெடித்திருக்கிறதா, கொழுப்பும் பஞ்சும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வடை, முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றும் வீடுகளில் இந்த மடல் மூடாமல் நிற்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. எண்ணெயை ஆறவைத்துப் போத்தலில் அடைத்து, உங்கள் ஊரின் குப்பை விதிப்படி போடுங்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. மடல் மூடிய நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. மேலே ஒருவர் குளித்தால், வாஷிங் மெஷின் ஓடினால், அந்தத் தண்ணீர் பேஸ்மென்ட் தரை வடிகாலால்தான் மேலே வரும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாமலே கீழே இருப்பவரின் மெத்தை நனைந்துவிடும். கன மழையோ வேக உருக்கமோ நடக்கும் சில மணி நேரம் இரு வீட்டாரும் தண்ணீர்ப் பாவனையைக் குறைப்பதென்று முன்கூட்டியே பேசிவையுங்கள். கீழே டாய்லெட்டில் குமிழி வந்தால் உடனே மேலே சொல்ல வேண்டும்.

தரை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். தயங்காமல் இறங்க வேண்டும். துணியை அடைத்துக் கல்லை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வால்வு, சம்ப் பம்ப் பொருத்துவதற்கு ரொறன்ரோ மாநகரம் மானியம் தருகிறது. மாநகர சேவைத் தொலைபேசி எண்ணான 311க்கு அழைத்து நிபந்தனைகளைக் கேட்டபின் பிளம்பரை அமர்த்துங்கள். அனுமதிப் பத்திரம் எடுக்காமல் செய்த வேலைக்கு மானியம் கேட்டுப் பயனில்லை.

தெருவோரம்

வீட்டுக்கு முன்னாலுள்ள தெரு வடிகால் கிராதி பனிக்கடியில் புதைந்திருக்கும். இடம் நினைவில் இல்லையென்றால் கோடையில் எடுத்த பழைய படத்தைப் பாருங்கள். கிராதியின் மேலுள்ள பனியை விலக்கி, தண்ணீர் வரும் பக்கத்தில் ஒரு சவள் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினால் போதும். கிராதியைத் தூக்காதீர்கள். முன்னால் கார் ஓடும் தெருவென்றால் நடைபாதையிலிருந்து எட்டும் அளவோடு நிறுத்தி, மிச்சத்தை 311க்குச் சொல்லுங்கள்.

உருகும் நாளும் அன்றிரவும்

உருக்கம் உச்சமடைவது பிற்பகலில். அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி அத்திவாரக் குழாய்க்கு வரச் சில மணி நேரம் எடுப்பதால், பம்ப் அதிகம் ஓடுவது மாலையிலும் முன்னிரவிலும். படுக்கப் போகுமுன் ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள். தரையில் இருக்கும் அரிசி மூட்டை, அல்பம், ஊரிலிருந்து கொண்டுவந்த காகிதங்கள் எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அட்டைப்பெட்டியைவிட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது.

பொழுதுபட வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால், பகலில் நடைபாதையில் பரவிய நீர் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகும். உறைந்தபின் உப்பைக் கொட்டுவதைவிட, உறையுமுன் தண்ணீரைத் தும்புத்தடியால் வழித்துவிட்டு மெலிதாகத் தூவுவது மேல். ஒரு காப்பிக் கோப்பை உப்பு, சுமார் 350 கிராம், இரண்டு கார் அகல டிரைவ்வேக்கே போதும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு வேலை செய்யாது, மணல் தூவுங்கள்.

ஆறும் குளமும்

டொன், ஹம்பர், ரூஜ் ஆறுகளின் கரையில் இருப்பவர்கள் ஆற்றுப்படுகைப் பாதுகாப்பு அமைப்புகளின் அறிவிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். "வெள்ளக் கண்காணிப்பு" என்றால் வெள்ளம் வரக்கூடும், தயாராகுங்கள் என்று பொருள். "வெள்ள எச்சரிக்கை" என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்துவிட்டது. ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து பாலத்தடியில் அடைத்தால் மட்டம் நிமிடங்களில் ஏறும். 2018 பெப்ரவரி 21 அன்று கிராண்ட் ஆற்றில் அப்படி அடைத்தபோது பிரான்ட்ஃபோர்ட் நகரம் அவசரநிலை அறிவித்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது. இந்தக் காலத்தில் குளத்துப் பனித்தட்டின் தடிப்பையும் நம்பாதீர்கள். வெயிலில் அது செங்குத்து ஊசிகளாகப் பிளந்திருக்கும். ஜனவரியில் உங்களைத் தாங்கிய அதே தடிப்பு மார்ச்சில் தாங்காது. பிள்ளைகளைக் கரையோரம் தனியே விடாதீர்கள்.

தண்ணீர் வந்தேவிட்டால்

தண்ணீர் பிளக் மட்டத்தையோ மின்பெட்டியையோ எட்டியிருந்தால் இறங்காதீர்கள். ஹைட்ரோ (மின்சார) நிறுவனத்தை அழைத்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எதையும் அப்புறப்படுத்துமுன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், நீர் நின்ற கோட்டைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். காப்புறுதியில் வடிகால் பின்னேறுவதும் தரைமேல் ஓடிவரும் வெள்ளமும் வழக்கமாகத் தனித்தனிச் சேர்க்கைகள். ஒன்றை வாங்கியவர் மற்றதும் இருக்கிறது என்று நினைத்திருப்பார். பத்திரத்தை இப்போதே எடுத்து இரண்டும் உண்டா, உச்சத்தொகை எவ்வளவு என்று பாருங்கள். உருக்கம் தொடங்கியபின் சேர்க்கக் கேட்டால் கிடைப்பது கடினம்.

சுத்தமான உருகுநீரென்றால் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சணம் பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கழிவுநீர் கலந்திருந்தால் கம்பளமும் அதன் அடிப்பஞ்சும் வெளியே போக வேண்டியவைதான், எவ்வளவு விலைகொடுத்து வாங்கியிருந்தாலும். நனைந்த டிரைவோல் சுவர்ப்பலகையை நீர்க்கோட்டுக்கு மேலே 30 செ.மீ. வரை வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் வெப்பக்காப்பு அதற்கு மேலேயும் நீரை உறிஞ்சியிருக்கும்.

சுவரோர மண் பள்ளமாகியிருந்தால் உடனே நிரப்பத் தோன்றும். சேறாகக் கிடக்கும் மண்ணை மிதித்து இறுக்கினால் அது மீண்டும் அமுங்கும். மே மாதம் வரை பொறுத்து, சுவரிலிருந்து முதல் 2 மீட்டரில் 10 செ.மீ. இறக்கம் வரும்படி களிமண் கலந்த மண்ணைப் போடுங்கள். ஜன்னல் குழி விளிம்புக்கும் செங்கல் சுவரின் கசிவுத் துளைகளுக்கும் கீழேயே மண்மட்டம் நிற்கட்டும்.